ஏஞ்சல் முதலீட்டாளர் (தொடக்கநிலைக் கம்பெனியில் சொந்தப் பணம் போடுபவர்) ஒருவர் என் கம்பெனிக்குக் கன்வெர்ட்டிபிள் நோட்டாக 50 லட்சம் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் கையெழுத்துக்கு முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் போடாமல் மூன்று பேரிடம் மூன்று விதமான நிபந்தனைகளில் வாங்கினேன். அடுத்த ரவுண்டின்போது, அதாவது அடுத்த முறை முதலீடு திரட்டியபோது, ஆடிட்டர் எக்ஸெலைத் திறந்து என் பங்கு எவ்வளவு என்று காட்டியபோதுதான் விஷயம் உறைத்தது.

கன்வெர்ட்டிபிள் நோட் இன்றைக்குக் கடன், நாளைக்குப் பங்கு. கம்பெனிக்கு இப்போது விலை பேசுவதில்லை. அடுத்த ரவுண்டில் ஒருவர் விலை வைத்ததும் கடன் பங்காகிவிடும். முதலில் நம்பி வந்தவருக்கு அதில் சலுகை உண்டு.

நீங்கள் சொன்ன 50 லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். வட்டி 10%, டிஸ்கவுண்ட் (அடுத்த ரவுண்டு விலையில் தள்ளுபடி) 20%, வேல்யுவேஷன் கேப் (கடன் பங்காகும்போது கம்பெனி மதிப்புக்கு வைக்கும் உச்சவரம்பு) 5 கோடி என்று வையுங்கள். இரண்டு வருடத்தில் தனிவட்டியோடு 60 லட்சம். கம்பெனியில் 1 லட்சம் பங்குகள் இருக்கின்றன, புது முதலீட்டாளர் 10 கோடி மதிப்பில் வருகிறார். அவருக்கு ஒரு பங்கு 1,000 ரூபாய். டிஸ்கவுண்டில் 800, கேப்பின்படி 500. எது குறைவோ அந்த விலைதான் நோட்டுக்காரருக்கு. ஆக 12,000 பங்குகள். கேப் இல்லாவிட்டால் 7,500தான். அதனால், விலை பேசவில்லை என்று நினைக்காதீர்கள். கேப் பேசினாலே விலைப் பேச்சில் பாதி முடிந்த மாதிரி.

இந்தியாவில் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்து, டிபிஐஐடியின் (மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை) ஸ்டார்ட்அப் அங்கீகாரமும் இருந்தால்தான் இந்த வழி. ஒருவர் ஒரே தவணையில் குறைந்தது 25 லட்சம் போட வேண்டும். ஆளுக்குப் பத்து லட்சம் தரும் நண்பர்களுக்கு இது ஆகாது.

அப்புறம் முதிர்வுத் தேதி. சட்டம் முதலில் 5 வருடம் கொடுத்தது, 2020இல் அதை 10 ஆக்கினார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருடம்தான் எழுதுவார்கள். அதற்குள் ரவுண்டு வராவிட்டால்? பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், அப்போது கம்பெனிக் கணக்கில் அந்தப் பணம் இருக்காது. எனக்கும் அந்த நிலை வந்தது, நாலு மாதம் தூக்கமே இல்லை. 'முதிர்வில் கேப் விலைக்குத் தானாகப் பங்காகும்' என்று ஒரு வரி கட்டாயம் எழுதி வாங்குங்கள்.

வட்டியில் ஒரு சதவீதம் குறைக்க மல்லுக்கட்ட வேண்டாம். கேப்பை 7 கோடியாக்கக் கேளுங்கள். அதே 60 லட்சத்துக்குச் சுமார் 8,570 பங்குகளே போகும்.