சிலிகோசிஸ் இருப்பவருக்கு நெஞ்சு படபடப்பு: நுரையீரலா, இதயமா?

கேள்வி: 20 வருடம் கல் அறுக்கும் வேலை பார்த்தேன். சிலிகோசிஸ் என்று இன்ஹேலரும் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். சில வாரங்களாகத் திடீர் திடீரென்று படபடப்பு. நாடியும் தாறுமாறாக ஓடுகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, பேச முடியாத மூச்சுத்திணறல், வாய் கோணுதல் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

சிலிகோசிஸ் என்பது கல்தூசியால் நுரையீரல் தழும்பேறுவது. அப்படித் தழும்பேறிய நுரையீரலில் ஆக்சிஜன் குறையும் இடங்களில் ரத்தக்குழாய்கள் சுருங்கும். உள்ளே அழுத்தம் ஏற, எதிர்த்துத் தள்ளும் இதயத்தின் வலது கீழறை தடிக்கிறது. அதன் மேலறை விரிகிறது. துடிப்பு பிறப்பதே அந்த மேலறையில்தான். அது இழுபட்டால் கண்ட இடத்திலிருந்தும் துடிப்பு கிளம்பும்.

இருந்தாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது மருந்துப் பையை. மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர் மருந்தான சால்பியூட்டமால் துடிப்பைக் கூட்டும், பொட்டாசியத்தை இறக்கும். நீர் பிரியும் மாத்திரைகளில் பலவும் பொட்டாசியத்தை இறக்குபவைதான். மூச்சுக்குழாயை விரிக்கும் மாத்திரையான தியோபிலினோடு சிப்ரோஃப்ளாக்சசினோ எரித்ரோமைசினோ (இரண்டும் ஆன்டிபயாடிக்குகள்) சேர்ந்தால் ரத்தத்தில் தியோபிலின் எகிறும். புகைப்பதை விட்டாலும் ஏறும் (நல்லது செய்ததற்கு இப்படியொரு தண்டனை!), விட்டதை மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். எத்தனை முறை இன்ஹேலர் அடித்தீர்கள், அதற்கு எவ்வளவு நேரம் கழித்துப் படபடத்தது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு போங்கள்.

ஈசிஜி படபடக்கும்போதே எடுத்தால்தான் பயன். சிக்காவிட்டால் 24 மணி நேர ஹோல்டர் (உடம்பில் மாட்டிக்கொண்டு ஈசிஜியைத் தொடர்ந்து பதியும் கருவி). நாடி பிடித்துப் பார்த்தால் ஒரே மாதிரி தாறுமாறாகத் தெரியும் இரண்டு கோளாறுகள் உண்டு. ஒன்று ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்குவது): ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம் என்பதால் பலருக்கு உறைவுத் தடுப்பு மருந்து வேண்டும். மற்றொன்று மல்டிஃபோகல் ஏட்ரியல் டாக்கிகார்டியா (மேலறையில் பல இடங்களிலிருந்து துடிப்பு கிளம்புவது): இதில் ஈசிஜியின் பி அலை, அதாவது மேலறைத் துடிப்பைக் காட்டும் அலை, குறைந்தது மூன்று வடிவங்களில் தெரியும்; ஆக்சிஜன், பொட்டாசியம், மக்னீசியத்தைச் சரிசெய்வதே அதற்கு முதல் வைத்தியம், மின் அதிர்ச்சி பலிக்காது. கூடவே எக்கோ, தைராய்டு பரிசோதனை. ஆக்ஸிமீட்டரில் உட்கார்ந்தும் நடந்தும் பாருங்கள். ஓய்விலேயே 88% அல்லது அதற்குக் கீழ் நின்றால் வீட்டு ஆக்சிஜன் பற்றிக் கேளுங்கள். பொதுவாக நாளுக்கு 15 மணி நேரமாவது தேவைப்படும்.

இதய மருத்துவரிடம் நுரையீரல் நோயை மறக்காமல் சொல்லுங்கள். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகளில் புரோப்ரனலால், சோட்டலால் மூச்சுக்குழாயை இறுக்கலாம். பிசோப்ரோலால் போன்றவை பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். துடிப்பை ஒழுங்குபடுத்தத் தரும் அமியோடரோன் நுரையீரலையே கெடுக்கக்கூடியது. ஏற்கெனவே தழும்பிருந்தால் புதுச் சேதத்தை எக்ஸ்ரேயில் பிரித்தறிவதும் கஷ்டம். சிலிகோசிஸ்காரர்களைக் காசநோய் எளிதில் பிடிக்கும் என்பதால் இன்னொன்று: அதற்குத் தரும் ரிஃபாம்பிசின் உறைவுத் தடுப்பு மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடும்.