வீட்டில் ஒயின் செய்து, சேமித்து, ரசித்துக் குடிக்க விரும்புகிறவர் முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

காற்றை. எப்போது அதை உள்ளே விடுவது, எப்போது வாசலிலேயே நிறுத்துவது என்று தெரிந்துகொண்டால் செய்வது, சேமிப்பது, சுவைப்பது மூன்றும் வசப்படும். என்ன பழம், என்ன ஈஸ்ட், என்ன பாட்டில் என்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான். ஒன்பது ஆண்டுகளாக வீட்டில் சிறிய அளவில் ஒயின் செய்துவருகிறேன். என் கையில் கெட்டுப்போன ஒயினில் பெரும்பகுதி காற்றால் கெட்டதுதான்.

முதல் தடவை, ஐந்து லிட்டர் ஜாடியில் மூன்றரை லிட்டர் ஒயின் இருந்தது. நொதித்து முடிந்து, வண்டல் அடியில் தங்கி, ஆழ்ந்த சிவப்பில் பார்க்கவே அழகாக இருந்தது. மூடி போட்டு வைத்தேன். ஆனால் ஆசை விடவில்லை. நான்கு நாளுக்கு ஒருமுறை திறந்து முகர்ந்து பார்ப்பேன், ஒரு கரண்டி எடுத்து ருசி பார்ப்பேன், மறுபடி மூடுவேன். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் திறந்தபோது நகப்பூச்சின் நெடி முகத்தில் அடித்தது. வாயில் வைத்தால் காடி. மூடித்தானே வைத்தோம் என்று நெடுநாள் குழம்பினேன். ஒயினுக்கு மேலே வெறுமையாக இருந்த அந்த ஒன்றரை லிட்டர் இடமும், நான் திறந்த ஒவ்வொரு தடவையும் அதில் நிறைந்த புதுக்காற்றும்தான் காரணம் என்று பிறகுதான் புரிந்தது. அசெட்டோபாக்டர் என்ற பாக்டீரியா ஆக்சிஜன் கிடைத்தால் ஆல்கஹாலை அசெட்டிக் அமிலமாக மாற்றிவிடும். ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் அதனால் பெருக முடியாது.

இந்த இடத்தில் நம் மொழியே கொஞ்சம் குழப்புகிறது. மாவு பொங்கினாலும் 'புளித்தது' என்கிறோம், பழச்சாறு கெட்டாலும் 'புளித்தது' என்கிறோம். ஒயின் செய்கிறவர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் தருவது நொதித்தல். பாக்டீரியா அந்த ஆல்கஹாலைக் காடியாக்குவது கெடுதல். முதல் வேலை காற்றில்லாமலும் நடக்கும். இரண்டாவது காற்றில்லாமல் நடக்காது. ஒயின் ஏன் கெடுகிறது என்று 1860களில் ஆராய்ந்த லூயி பாஸ்டர், கெடுதலுக்கும் நுண்ணுயிர்களே காரணம் என்று காட்டினார். வீட்டில் சுத்தமும் மூடியும் இத்தனை முக்கியமாக இருப்பது அதனால்தான்.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். ஒரு 750 மில்லிலிட்டர் பாட்டில் ஒயினுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோவுக்குச் சற்று மேல் திராட்சை வேண்டும். ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். ஒயினுக்கென்று வளர்க்கப்படும் திராட்சையில் லிட்டருக்கு 200 முதல் 240 கிராம் வரை சர்க்கரை இருப்பதால் 12, 13 சதவீதம் தானாகவே வந்துவிடுகிறது. சாப்பிடுவதற்காக விற்கும் திராட்சையில் சர்க்கரை பெரும்பாலும் இதைவிடக் குறைவு. அதனால்தான் சர்க்கரை சேர்க்கிறோம். எவ்வளவு என்பதைக் கண்ணளவில் விடாதீர்கள். திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சாற்றில் மிதக்கவிட்டால் 1.090 அளவில் நிற்க வேண்டும். உங்கள் சாறு பத்து சதவீத ஆல்கஹாலுக்குத்தான் போதுமானது என்று தெரிந்தால், ஐந்து லிட்டரைப் பன்னிரண்டுக்கு உயர்த்த 170 கிராம் சர்க்கரை போதும். கிலோக்கணக்கில் சர்க்கரை கொட்டச் சொல்லும் செய்முறைகள் எனக்கு உடன்பாடானவை அல்ல. அவற்றில் கிடைப்பது பாகு. பழத்தின் ருசி அதில் மூழ்கிப்போகிறது.

காம்புகளை நீக்கிவிட்டுப் பழத்தை நசுக்குங்கள். மிக்ஸியில் போட வேண்டாம், விதை உடைந்தால் கசப்பு இறங்கும். பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளுக்கும் உள்ளே சாறு நிறமற்றதுதான். சிவப்பு முழுவதும் தோலில் இருக்கிறது. ஆகவே சிவப்பு ஒயினுக்குத் தோலோடு நொதிக்க விட வேண்டும், வெள்ளைக்குப் பிழிந்த சாற்றை மட்டும். ஈஸ்ட் போட்ட முதல் ஓரிரு நாளில் காற்று நண்பன். ஈஸ்ட் தன் செல்சுவரை ஒட்டிய சவ்வைக் கட்டிக்கொள்ளவும் பெருகவும் கொஞ்சம் ஆக்சிஜன் தேவை. எனவே அகன்ற வாய்ப் பாத்திரம், மேலே பூச்சி புகாத துணி, அவ்வளவு போதும். வாயு தள்ளுவதால் தோல்கள் மேலே வந்து தடித்த படலமாக மிதக்கும். அதை ஒருநாளைக்கு இரண்டு மூன்று முறை கீழே அமிழ்த்திவிடுங்கள். அப்படியே விட்டால் படலத்தின் மேற்பகுதி காற்றில் காய்ந்து, காடி அங்கிருந்துதான் தொடங்கும். சிவப்புக்கு 20 முதல் 30 டிகிரி வரை வெப்பம் சரி. 35ஐத் தாண்டினால் ஈஸ்ட் தளர்ந்து, நொதித்தல் பாதியில் நின்றுவிடலாம். ரொட்டி ஈஸ்ட்டும் வேலை செய்யும்தான். ஆனால் அதன் வாசனை ஒயினில் தங்கிவிடுகிறது, வண்டலும் எளிதில் படியாது. ஒயின் ஈஸ்ட் ஒரு சிறு பொட்டலம் இருபது லிட்டர் வரை தாங்கும். அந்தச் செலவைச் செய்யுங்கள்.

ஐந்து முதல் ஏழு நாளில் கொந்தளிப்பு அடங்கும். தோலைப் பிழிந்து எடுத்துவிட்டு, குறுகிய கழுத்துள்ள ஜாடிக்கு மாற்றுங்கள். இங்கிருந்து காற்று எதிரி. ஏர்லாக் என்ற, நீர் நிரப்பிய சிறு வளைகுழாயை வாயில் பொருத்தினால் கரியமில வாயு குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. ஏர்லாக் இல்லையென்று ஜாடியை இறுக்கி மூடிவிடாதீர்கள். நொதித்துக்கொண்டிருக்கும் கண்ணாடி ஜாடி வெடித்தால் சில்லுகள் அறை முழுவதும் பறக்கும். இது உயிருக்கு ஆபத்தான விஷயம். அளவு அதிகமென்றால் அறைக்கும் காற்றோட்டம் வேண்டும், ஏனென்றால் கரியமில வாயு தாழ்வான இடத்தில் தேங்கும்.

மெத்தனால் உண்டாகிக் கண் போய்விடாதா என்று பலர் கேட்கிறார்கள். பழத்தில் உள்ள பெக்டினிலிருந்து மிகச் சிறிதளவு மெத்தனால் எல்லா ஒயினிலும் உருவாகிறது. சாதாரணமாக நொதித்த ஒயினில் அது தீங்கு செய்யும் அளவை எட்டுவதில்லை. காய்ச்சி வடிப்பது முற்றிலும் வேறு கதை. அந்தப் பக்கம் போகவே வேண்டாம். வீட்டில் ஒயின் செய்வதற்கே நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தொடங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழந்தமிழில் தெளிந்த மதுவுக்குத் 'தேறல்' என்று பெயர். தேறுதல் என்றால் தெளிதல். இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் ஒயின் செய்வதில் பாதிக்கு மேல் தெளியக் காத்திருப்பதுதான். ஈஸ்ட் இறந்து அடியில் வண்டலாகப் படியும். மேலே உள்ள தெளிவை மட்டும் ஒரு மெல்லிய குழாயால் இன்னொரு ஜாடிக்கு இறக்க வேண்டும். முதலில் இரண்டு மூன்று வாரம் கழித்து ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று மாத இடைவெளியில். குழாயின் நுனி புது ஜாடியின் அடியைத் தொடட்டும். ஒயின் சத்தமில்லாமல் நிறைய வேண்டும், சலசலவென்று விழக்கூடாது. ஒவ்வொரு முறையும் ஜாடியைக் கழுத்துவரை நிரப்புங்கள். ஒயின் போதாவிட்டால் சின்ன ஜாடிக்கு மாறுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்த பிறகு என் ஒயின் காடியானதே இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. ஊட்டம் குறைந்த ஈஸ்ட் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிட்டு ஒயினில் அழுகிய முட்டை நாற்றம் வரச் செய்யும். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால், அந்த ஒருமுறை மட்டும் வேண்டுமென்றே உயரத்திலிருந்து விழும்படி இறக்குங்கள். பெரும்பாலும் நாற்றம் போய்விடும்.

பாட்டிலில் அடைக்கும் முன் ஹைட்ரோமீட்டர் 1.000க்குக் கீழே, 0.995 அருகில், பல நாட்கள் அசையாமல் நிற்க வேண்டும். குமிழி நின்றுவிட்டது என்பது மட்டும் சான்றாகாது. சிலர் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் சேர்ப்பார்கள், நானும் சேர்க்கிறேன். பத்து லிட்டருக்கு ஒரு கிராம் அளவு, எடைபோட்டு. அது ஆக்சிஜனின் வேலையைத் தடுக்கிறது, பாக்டீரியாவையும் அடக்குகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாது. விருந்தினருக்கு ஊற்றும் முன் சொல்லிவிடுவது கடமை.

சேமிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இருட்டு, அசைவின்மை, ஏற்ற இறக்கமில்லாத குளிர்ச்சி. 12, 13 டிகிரி உத்தமம். வீட்டில் அது கிடைக்காவிட்டால், பகலில் சூடாகி இரவில் குளிரும் இடத்தையாவது தவிர்த்துவிடுங்கள். வெப்பம் ஏறி இறங்கும்போது ஒயின் விரிந்து சுருங்கித் தக்கையை அசைக்கிறது, அந்த இடுக்கில் காற்று புகுகிறது. தக்கை போட்ட பாட்டிலைப் படுக்கவைத்தால் தக்கை ஈரமாக இருந்து இறுகப் பிடிக்கும். திருகுமூடிப் பாட்டில் நிற்கலாம். பழகப் பழக எல்லா ஒயினும் மேம்படும் என்ற நம்பிக்கையை மட்டும் விட்டுவிடுங்கள். பெரும்பாலானவை சில ஆண்டுகளில் குடிக்கத்தான் செய்யப்படுகின்றன. வீட்டு ஒயின் ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தன் நல்ல நாட்களைப் பார்த்துவிடும்.

சுவைப்பதற்கு வருவோம். எனக்கு மிகவும் பிரியமான பகுதி இது. இங்கே காற்றை மறுபடி அழைக்கிறோம். கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். முதலில் ஆட்டாமல் ஒருமுறை முகருங்கள். பிறகு தண்டைப் பிடித்து மெதுவாகச் சுழற்றிவிட்டு மறுபடி முகருங்கள். அடைபட்டிருந்த ஒயின் காற்றுப் பட்டதும் விரிவதை இந்த இரண்டு முகர்வுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில் உணரலாம். கோப்பையின் உட்புறம் வழியும் 'கண்ணீர்' தரத்தின் அடையாளம் அல்ல. ஆல்கஹால் ஆவியாகும்போது பரப்பு இழுவிசை மாறுவதால் வருவது அது. சிவப்பை 15 முதல் 18 டிகிரியிலும் வெள்ளையை 8 முதல் 12 டிகிரியிலும் குடித்துப் பாருங்கள். குளிர் மிகுந்தால் வாசனை ஒளிந்துகொள்ளும், துவர்ப்பு துருத்திக்கொள்ளும்.

அந்தத் துவர்ப்பு நமக்கு ஒரு சொத்து. தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின்கள் எச்சிலின் புரதங்களோடு சேர்வதால் நாக்கும் ஈறும் வறண்டு இறுகுகின்றன. அறுசுவையில் ஒன்றாக அதை எண்ணி வளர்ந்த நாக்கு கசப்பையும் துவர்ப்பையும் குழப்பிக்கொள்ளாது. வாசனைக்கும் அப்படியே உங்கள் மூக்கை நம்புங்கள். ஒயினின் வாசனைகளை வகைப்படுத்திக் காட்ட 1984இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன் நோபிள் உருவாக்கிய வாசனைச் சக்கரத்தைப் பார்த்து, அதில் உள்ள, நீங்கள் முகர்ந்தேயிராத பழங்களின் பெயர்களை உருப்போட வேண்டியதில்லை. மிளகு என்று தோன்றினால் மிளகு என்று சொல்லுங்கள். ஷிராஸ் என்ற கறுப்புத் திராட்சையின் ஒயினில் வரும் மிளகு வாசனை உவமை அல்ல. மிளகில் உள்ள அதே ரோட்டண்டோன் என்ற வேதிப்பொருள் அதிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை தெரிவதே இல்லை என்றும் கண்டார்கள். பக்கத்தில் இருப்பவர் உணர்வதை நீங்கள் உணரவில்லையென்றால் உங்கள் ரசனையில் குறை என்று ஆகாது.

ஆனால் கண்ணை நம்பாதீர்கள். பிரான்சின் போர்டோ நகரில் நடத்தி 2001இல் வெளிவந்த ஆய்வில், ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் சிவப்பு நிறம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். அதனால்தான் என் ஒயினையும் கடையில் வாங்கியதையும் ஒப்பிடும்போது பாட்டில்களைத் துணியால் சுற்றி, வேறொருவரை ஊற்றச் சொல்கிறேன். சொந்தக் கையால் செய்ததை நேர்மையாக மதிப்பிட எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஈரமான அட்டைப்பெட்டி வாசனை வந்தால் அது தக்கையின் பழுது, எவ்வளவு காற்று பட்டாலும் போகாது. கொட்டிவிடுங்கள்.

சுவைக்க 50 மில்லிலிட்டர் போதும். பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அதை நான் மனதில் வைத்துத்தான் ஊற்றுகிறேன், ஒரே நாளில் பாட்டிலை முடிப்பதில்லை. மீதியை வைக்கும் முறை இது. பாட்டிலைத் திறந்தவுடனே, குடிக்கத் தொடங்கும் முன்பே, பாதியை 375 மில்லிலிட்டர் பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மீதிப் பாதியைச் சிறு சிறு அளவாக, திறந்த உடனே, அரைமணி கழித்து, இரண்டு மணி கழித்து என்று குடித்துப் பாருங்கள். அதில் கொஞ்சத்தைப் பெரிய பாட்டிலிலேயே விட்டு, மறுநாள் சின்ன பாட்டிலைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்து முகருங்கள்.