மகன் பாதியில் எழுந்து போன படம்

வணக்கம். 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்' (1978) என்ற ஹாங்காங் குங்ஃபூப் படத்தில் சண்டையே வரவில்லை என்று உங்கள் மகன் பாதியில் எழுந்து போனதாக எழுதியிருந்தீர்கள். அவனை விட்டுவிடாதீர்கள். நாயகனாக நடிக்கும் கோர்டன் லியூ ஷாவ்லின் பௌத்த மடத்தில் பயிற்சியைத் தொடங்கும் இடத்திலிருந்து போட்டுக் காட்டுங்கள். இரு கைகளையும் நீட்டித் தண்ணீர் வாளிகளைச் சுமக்க வேண்டும். கை தாழ்ந்தால் புஜத்தில் கட்டிய கத்தி விலாவில் குத்தும். எத்தனை முறை பார்த்தாலும் என் தோள் வலிக்கும்!

இயக்குநர் லாவ் கர்-லியுங் குங்ஃபூக் குடும்பத்தில் வளர்ந்து, படங்களுக்குச் சண்டை அமைத்தவர். பயிற்சியையே கதையாக்க அவரால் முடிந்தது. நாயகன் தோற்றுத் தோற்று சங்கிலியால் இணைத்த மூன்று துண்டுக் கம்பு என்ற ஆயுதத்தைக் கண்டுபிடிக்கும் கட்டத்தில் உங்கள் பையன் நிச்சயம் நிமிர்ந்து உட்காருவான். ஆங்கில டப்பிங் மட்டும் வேண்டாம்.