டிக்கெட்டில் இரண்டாவது பெயர்

அன்புள்ள ஐயா,

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா கோபாலனின் பூர்வீக ஊரான துளசேந்திரபுரம் எங்களுக்கு ரொம்பத் தூரமில்லை. 2024 தேர்தலின்போது அங்கே கோயிலில் பூஜை, பேனர் என்று ஒரே அமர்க்களம். அவர் தோற்ற பிறகு எங்கள் வட்டாரத்தில் அமெரிக்க அரசியல் நிபுணர்கள் பெருகிவிட்டார்கள். "டிம் வால்ஸைத் துணைக்கு எடுத்ததுதான் தப்பு. பென்சில்வேனியா கவர்னர் ஜோஷ் ஷபிரோவை எடுத்திருந்தால் ஜெயித்திருப்பார்" என்று அடித்துச் சொல்கிறார்கள். நம் ஊரில் தொகுதிக்குத் தொகுதி சாதிக் கணக்குப் பார்ப்பதுபோல அங்கேயும் மாநிலக் கணக்குப் பார்த்துத்தான் ஆளை எடுக்க வேண்டுமா? ஓர் அதிபர் வேட்பாளர் தன் துணையை எப்படித் தேர்ந்தெடுப்பது சரி என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? நம் நாட்டிலும் குடியரசுத் துணைத் தலைவர் இருக்கிறார். இங்கே இல்லாத இந்தப் பரபரப்பு அங்கே மட்டும் ஏன்?

அன்புடன்,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்


அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஊர் நிபுணர்களிடம் ஒரு சின்னக் கூட்டல் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். அங்கே அதிபரைத் தீர்மானிப்பது மாநிலவாரியாக ஒதுக்கப்பட்ட எலெக்டோரல் வாக்குகள்; ஒரு மாநிலத்தில் ஜெயிப்பவருக்கே பெரும்பாலும் அதன் வாக்குகள் மொத்தமும் போகும். 2024-இல் ஹாரிஸுக்குக் கிடைத்தவை 226. டிரம்புக்கு 312. ஜெயிக்க வேண்டியது 270. பென்சில்வேனியாவுக்கு 19 வாக்குகள். ஷபிரோ வந்து அந்த மாநிலத்தை அப்படியே தூக்கிக் கொடுத்திருந்தாலும் ஹாரிஸ் 245-இல் நின்றிருப்பார். எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஏழு ஸ்விங் மாநிலங்களையும் இழந்த ஒருவரை ஒரு மாநிலத்துக்காரர் காப்பாற்ற முடியாது.

"கென்னடி டெக்ஸஸுக்காக லிண்டன் ஜான்சனை எடுத்தாரே?" என்று அடுத்து கேட்பார்கள். மாநிலக் கணக்குக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் அது. 1960-இல் கென்னடி பெற்றவை 303. டெக்ஸஸின் 24-ஐக் கழித்தாலும் 279. அன்று தேவைப்பட்டது 269 தான். ஜான்சன் தெற்கு மாநிலங்கள் பலவற்றில் கைகொடுத்தார் என்று வாதிடலாம், அதில் நியாயம் உண்டு. ஆனால் டெக்ஸஸால்தான் கென்னடி அதிபரானார் என்ற கதைக்குக் கணக்கு இடம் கொடுக்கவில்லை. அப்புறம் வந்தவர்களைப் பாருங்கள். 1988-இல் டெக்ஸஸ் செனட்டர் பென்ட்சன் வந்தார், அதிபர் வேட்பாளர் டுகாகிஸுக்கு டெக்ஸஸ் கிடைக்கவில்லை. 2004-இல் ஜான் எட்வர்ட்ஸ் வந்தார், அவருடைய வட கரோலினா வரவில்லை. 2012-இல் பால் ரயன் வந்தார், அவருடைய விஸ்கான்சின் ஒபாமாவுக்கே போயிற்று. மக்கள் முதல் பெயரைப் பார்த்துத்தான் ஓட்டுப் போடுகிறார்கள். இரண்டாவது பெயர் அவர்களுக்குச் சொல்வதெல்லாம், முதல் பெயர்க்காரருக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கத் தெரிகிறதா என்பதைத்தான்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் குடியரசுத் தலைவர் இறந்துவிட்டால் துணைத் தலைவர் தற்காலிகமாகத்தான் அந்தப் பொறுப்பைப் பார்ப்பார். ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும். 1969-இல் ஜாகிர் உசேன் மறைந்தபோது வி.வி. கிரி அப்படித்தான் இருந்தார். அமெரிக்காவில் இடைத்தேர்தல் கிடையாது. துணை அதிபர் அன்றைக்கே முழு அதிபர், மிச்சமிருக்கும் காலம் மொத்தமும் அவருடையது. அது மூன்று வருஷம் பதினொரு மாதமாகவும் இருக்கலாம். இதுவரை அதிபர் நாற்காலியில் உட்கார்ந்த 45 பேரில் 9 பேர் இப்படி உள்ளே வந்தவர்கள். எட்டுப் பேர் மரணத்தால், ஒருவர் நிக்சனின் ராஜினாமாவால். ஐந்தில் ஒன்று என்பது ஒதுக்கிவிடக்கூடிய சாத்தியமில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு 1864-க்குப் போவோம். மாநிலக் கணக்கு, சமநிலைக் கணக்கு என்பவர்கள் அவசியம் படிக்க வேண்டிய தேர்தல் அது.

அடிமைமுறையை விடாத தென் மாநிலங்கள் பிரிந்துபோனதால் மூண்ட உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது. குடியரசுக் கட்சிக்காரரான லிங்கனின் முதல் துணை அதிபர் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஹானிபல் ஹாம்லின், அடிமைமுறையை எதிர்த்தவர். அவரால் புதிதாக ஓர் ஓட்டும் வராது என்று கட்சி கணக்குப் போட்டது. ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர், அதுவும் தெற்கிலிருந்து வந்தால் நாடு முழுவதையும் சேர்த்தணைத்த மாதிரி இருக்குமே! பிரிந்துபோன மாநிலங்களின் செனட்டர்களில் பதவியை விடாமல் ஒன்றியத்தின் பக்கம் நின்ற ஒரே ஆள் டென்னசியின் ஆண்ட்ரூ ஜான்சன். துணிச்சல்காரர்தான், சந்தேகமில்லை. பால்டிமோர் மாநாட்டில் ஹாம்லினைக் கழற்றிவிட்டு அவரைப் போட்டார்கள். இதில் லிங்கனின் கை எவ்வளவு என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். தேர்தல் முடிவு லிங்கனுக்கு 212, எதிராளிக்கு 21. ஜான்சன் இல்லாமலே ஜெயித்திருக்கக்கூடிய தேர்தல்.

1865 மார்ச் 4-ஆம் தேதி பதவியேற்பு. உடம்பு சரியில்லை என்று விஸ்கி குடித்துவிட்டு வந்த ஜான்சன் செனட் சபையில் தள்ளாடிப் பேசி மானத்தை வாங்கினார். அது சின்ன விஷயம். 42 நாள் கழித்து லிங்கன் இறந்தார், ஜான்சன் அதிபர். விடுதலையான கறுப்பின மக்களுக்குக் குடியுரிமை தரும் 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் வீட்டோ செய்தார். காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அதை மீறிச் சட்டமாக்கியது. தென் மாநிலங்களின் பழைய ஆட்களுக்குத் தாராளமாக மன்னிப்பு வழங்கினார். காங்கிரஸோடு மூண்ட சண்டை 1868-இல் பதவி நீக்க விசாரணை வரைக்கும் போயிற்று. செனட்டில் ஒரே ஓர் ஓட்டுக் குறைந்ததால் தப்பினார். லிங்கனுக்கு ஓட்டுப் போட்டவர்கள் கேட்டது இதையல்ல. போரில் செத்தவர்கள் எதற்காகச் செத்தார்களோ அதில் பாதியைத் திருப்பிக் கொடுக்கத் துடித்த ஒரு மனிதர், அவர்களுடைய ஓட்டிலேயே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

இது முதல் முறையும் அல்ல. 1841-இல், அன்றைய பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சியின் அதிபர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்தார். ஓட்டுக்காகச் சேர்த்துக்கொண்ட முன்னாள் ஜனநாயகக் கட்சிக்காரர் ஜான் டைலர் அதிபரானார். விக் கட்சியின் வங்கி மசோதாக்களை வரிசையாக வீட்டோ செய்தார். அந்த வருஷமே கட்சி அவரை வெளியேற்றிவிட்டது.

ஆகவே என் பதில் இதுதான். உங்களோடு உடன்படாதவர்களின் ஓட்டைப் பிடிக்க, உங்களோடு உடன்படாத ஒருவரைத் துணைக்குச் சேர்க்காதீர்கள். நாளைக் காலையில் நீங்கள் இல்லையென்றால், உங்களுக்கு ஓட்டுப் போட்டவர் ஏமாந்துபோகக் கூடாது. கொள்கையில் அருகில் இருப்பவராகவும், உங்களுக்குத் தெரியாத வேலை தெரிந்தவராகவும் ஓர் ஆளைத் தேடுங்கள். ஒபாமா 2008-இல் எடுத்த பைடன் டெலவேர்க்காரர். அது மூன்றே எலெக்டோரல் வாக்குள்ள மாநிலம், எப்படியும் ஜனநாயகக் கட்சிக்கு விழுவது. ஒபாமாவுக்கு வேண்டியிருந்தது முப்பத்தாறு வருஷ செனட் அனுபவம்தான். டிக் செனியின் வயோமிங்குக்கும் மூன்று வாக்குதான். (செனி கதை இன்னும் வேடிக்கை. புஷ்ஷுக்குத் துணை தேடும் பொறுப்பு அவரிடம் கொடுக்கப்பட்டிருந்தது. தேடி முடித்தபோது கிடைத்தவர் அவரேதான்! இருவரும் டெக்ஸஸ்வாசிகள் என்றால் டெக்ஸஸின் எலெக்டோரல் வாக்குகளைப் போடும் தேர்வாளர்கள் இருவருக்குமே ஓட்டுப் போட அரசியல் சட்டம் அனுமதிக்காது என்பதால், அவசரமாக வயோமிங்கில் வாக்காளராகப் பதிந்துகொண்டார்.) 1992-இல் கிளின்டன் அண்டை மாநிலத்து, ஏறக்குறைய தன் வயதே ஆன அல் கோரை எடுத்தபோது பண்டிதர்கள் தலையிலடித்துக்கொண்டார்கள். அந்த ஜோடி இரண்டு முறை ஜெயித்தது.

ஆளை எடுப்பது பாதி வேலைதான். எடுத்த ஆளை என்ன செய்யப் போகிறீர்கள் என்பது மீதி. 1944-இல் ரூஸ்வெல்ட்டின் உடல்நிலையைப் பார்த்த கட்சிப் பெருந்தலைகள், தாங்கள் தேர்ந்தெடுப்பது அடுத்த அதிபரை என்பதைப் புரிந்துகொண்டு ஹென்றி வாலஸை ஓரங்கட்டி ட்ரூமனைக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய காரணங்கள் எனக்குப் பிடித்தவையோ இல்லையோ, சரியான கேள்வியைக் கேட்டார்கள். ஆனால் ரூஸ்வெல்ட் அந்த மனிதரை எதிலும் சேர்க்கவில்லை. 82 நாள் துணை அதிபராக இருந்துவிட்டு அதிபரான அன்று மாலைதான் புதுவகை ஆயுதம் ஒன்று தயாராகிறது என்று போர்த்துறை அமைச்சர் ஸ்டிம்சன் ட்ரூமனின் காதில் போட்டார். அணுகுண்டின் முழு விவரம் வர இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று. உலகப் போர் முடியாத நேரத்தில்!

இதற்கு நேர்மாறாகச் செய்தவர் ஜிம்மி கார்ட்டர். 1976-இல் ஜார்ஜியாவில் தன் சொந்த ஊரான ப்ளெயின்ஸுக்குச் சிலரை வரவழைத்து, உட்கார வைத்துப் பேசினார். வந்தவர்களில் வால்டர் மாண்டேல் பழைய துணை அதிபர்கள் பட்ட பாட்டைப் படித்துவிட்டு வந்திருந்தார். ஜெயித்த பிறகு, தனக்கு என்ன வேலை வேண்டும், என்ன வேண்டாம் என்று எழுதியே கொடுத்தார். அதிபர் பார்க்கும் கோப்புகள் தனக்கும் வர வேண்டும், எந்தக் கூட்டத்திலும் நுழைய வழி வேண்டும், உப்புச்சப்பில்லாத தனித் துறை எதையும் தலையில் கட்டக் கூடாது. கார்ட்டர் ஒப்புக்கொண்டதோடு வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியிலேயே அவருக்கு அறை கொடுத்தார், வாரம் ஒருநாள் சேர்ந்து சாப்பிட்டார். அதன் பிறகு வந்த துணை அதிபர்கள் எல்லோரும் அனுபவிப்பது மாண்டேல் கேட்டு வாங்கியதைத்தான். கார்ட்டர் 1980-இல் தோற்றார் என்பது வேறு கதை.

விசாரிக்காமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மெக்கவர்ன் போதும். 1972-இல் கேட்டவர்கள் வரிசையாக மறுக்க, மாநாட்டின் நெருக்கடியில் அவசரமாக செனட்டர் தாமஸ் ஈகிள்டனைப் பிடித்தார்கள். மன அழுத்தத்துக்காக அவர் மருத்துவமனையில் மின்னதிர்ச்சி சிகிச்சை பெற்றது பிறகு வெளியே வந்தது. "ஆயிரம் சதவீதம் அவர் பக்கம்" என்ற மெக்கவர்ன், சில நாளிலேயே அவரை விலகச் சொன்னார். மொத்தம் 18 நாள். சிகிச்சை பெற்றது குற்றமில்லை. இன்றைக்கு அது பெரிய விஷயமாகக்கூட இருக்காது. ஆயிரம் சதவீதம் என்று சொல்லிவிட்டுக் கைவிட்டதுதான் மெக்கவர்னைச் சாய்த்தது. நம் ஊரில் சம்பந்தம் பேசும்போது மூன்று தெரு தள்ளிப் போய் விசாரிப்பார்களே, அதுகூட நடக்கவில்லை.

விசுவாசம் வேண்டாமா என்று கேட்பீர்கள். யாருக்கு விசுவாசம் என்பதைப் பொறுத்தது. நான்கு வருஷம் டிரம்புக்குப் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்ற அவருடைய துணை அதிபர் மைக் பென்ஸ், 2021 ஜனவரி 6 அன்று, டிரம்ப் தோற்ற தேர்தலின் முடிவை நிராகரிக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு எலெக்டோரல் வாக்குகளை எண்ணி முடித்தார். அவர் செய்ததிலேயே உருப்படியான வேலை அது. 2024-இல் டிரம்ப் எடுத்த ஜே.டி. வான்ஸின் ஒஹாயோவும் ஸ்விங் மாநிலமாக இல்லை, டிரம்ப் ஏற்கெனவே இரண்டு முறை ஜெயித்த இடம். 2016-இல் தன்னைக் கடுமையாகத் தாக்கி, பிறகு மனம் மாறி வந்தவரை டிரம்ப் எடுத்தார். விவாதத்தில், 2020-இல் டிரம்ப் தோற்றாரா என்று வால்ஸ் கேட்டபோது வான்ஸ் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. பென்ஸ் விஷயத்தில் டிரம்ப் கற்றுக்கொண்ட பாடம் என்ன என்று அந்த ஓர் இடத்திலேயே தெரிந்துவிட்டது.

பைடன் இந்த விஷயத்தில் பெரிய மனதுக்காரர். 2019 விவாத மேடையில் பள்ளிப் பேருந்து விவகாரத்தை (கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கப் பேருந்தில் அனுப்பிய பழைய திட்டம்) வைத்து அவரைக் கிழித்தவர் ஹாரிஸ். அடுத்த வருஷம் அவரையே துணையாக எடுத்தார். அந்த நான்கு வருஷத்தில் செனட் சமமாகப் பிளந்தபோதெல்லாம் முடிவைத் தீர்க்க, துணை அதிபர் என்ற முறையில் ஹாரிஸ் போட்ட ஓட்டுகள் 33. எந்தத் துணை அதிபரும் அத்தனை போட்டதில்லை.

சரி, ஹாரிஸ் தன் முறை வந்தபோது என்ன செய்தார்? பைடன் விலகியது ஜூலை 21, வால்ஸ் அறிவிக்கப்பட்டது ஆகஸ்ட் 6. மற்றவர்கள் மாதக்கணக்கில் செய்யும் வேலைக்கு அவருக்கு இரண்டு வாரம்தான் கிடைத்தது. இதைக் கழித்துவிட்டுத்தான் அவரைக் குறை சொல்ல வேண்டும். ஆனால் தேர்தலுக்குப் பிறகு அவரே எழுதியிருப்பது எனக்கு வருத்தமாக இருந்தது. முதலில் மனதில் இருந்தவர் பைடனின் போக்குவரத்து அமைச்சராக இருந்த பீட் புட்டிஜெஜ் என்கிறார். கறுப்பினப் பெண் ஒருவரோடு ஓரினச்சேர்க்கையாளர் ஒருவரையும் சேர்த்து நிறுத்தினால் நாடு ஏற்குமா என்ற பயத்தில் விட்டுவிட்டாராம். பொருத்தமானவர் என்று தானே நினைத்த ஆளை ஓட்டுக்கணக்கு பார்த்துத் தள்ளிவைத்தார், அந்த ஓட்டும் வரவில்லை.

ஷபிரோ விஷயத்தில் அவர் சொல்லும் காரணம் இன்னொன்று. எல்லா முடிவுகளிலும் தானும் இருக்க வேண்டும் என்று ஷபிரோ எதிர்பார்த்தார், துணை அதிபர் என்றால் இணை அதிபர் இல்லை என்று இவர் சொன்னாராம். அந்தப் பேச்சில் யார் எந்தத் தொனியில் பேசினார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆனாலும், 1976-இல் மாண்டேல் கேட்டது கிட்டத்தட்ட அதைத்தான். அதைக் கேட்டதற்காகவே ஒருவரை விலக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முடிவெடுக்கும் அறைக்குள் இருக்க ஆசைப்படாத துணை அதிபரைப் பார்த்துத்தான் நான் யோசிப்பேன்.

அன்புடன்.