தொப்புள்கொடி இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தால், நாள் கடந்ததுதான் காரணமா?

41 வாரத்தில் பிறந்த உங்கள் மகனின் தொப்புள்கொடி இரத்த அறிக்கையில் ஆக்சிஜன் அழுத்தம் 18 என்று இருப்பதாகவும், நாள் கடந்து பிறந்ததால்தான் இப்படி ஆயிற்றா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிரசவ அறையில் செவிலியராகப் பணியாற்றிய காலத்தில், இதே எண்ணைப் பார்த்துக் கலங்கிய தாய்மார்களின் அருகில் நின்றிருக்கிறேன் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த இரத்தம் தமனியில் எடுக்கப்பட்டதா, சிரையில் எடுக்கப்பட்டதா என்பதை முதலில் பாருங்கள். தொப்புள்கொடியில் நஞ்சுக்கொடியிலிருந்து ஆக்சிஜனைக் கொண்டுவருவது சிரை; குழந்தை பயன்படுத்திய இரத்தத்தைத் திருப்பி அனுப்புவது தமனி. பிறக்கும் வேளையில் சிரையில் அழுத்தம் 30 மி.மீ. பாதரசத்தை ஒட்டியும், தமனியில் 20ஐ ஒட்டியும் இருப்பது வழக்கம். எனவே தமனியில் 18 என்பது அச்சப்பட வேண்டிய எண் அன்று. பெரியவர்களின் தமனியில் 80க்கு மேல் இருக்கும் என்பதை அளவுகோலாகக் கொள்வதால்தான் பயம் வருகிறது. கருவின் ஹீமோகுளோபின் வேறு வகையானது. பெரியவர்களின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனால் பாதியளவு நிறைய ஏறக்குறைய 27 மி.மீ. அழுத்தம் வேண்டும், கருவினுடையதற்கு 20 போதும்.

கர்ப்ப வாரத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்றால், உண்டு. கேம்பிரிட்ஜில் உடலியல் அறிஞர் ஜோசப் பார்கிராஃப்ட் 1930களில் கருவுற்ற ஆடுகளிடம் இதை ஆராய்ந்தார். மயக்க மருந்தும் அறுவையும் அளவுகளை மாற்றிவிடும் என்ற சிக்கல் அத்தகைய சோதனைகளில் இருந்தது. 1983இல் பாரிஸில் மருத்துவர் டாஃபோவின் குழுவினர், ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியால் தொப்புள்கொடி இரத்தம் எடுக்கும் முறையை வெளியிட்ட பிறகே, மனிதக் கருவைக் கருப்பைக்குள்ளேயே அளக்க வழி பிறந்தது. வாரங்கள் கூடக்கூடச் சிரையின் ஆக்சிஜன் அழுத்தம் குறைகிறது. அதே வேளையில் ஹீமோகுளோபின் கூடுவதால், இரத்தம் சுமக்கும் மொத்த ஆக்சிஜன் பெரிதும் குறைவதில்லை என்று அந்த வகை ஆய்வுகள் காட்டின. இந்த ஈடுகட்டலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

நாள் கடந்தால் நஞ்சுக்கொடியின் திறன் சிலருக்குக் குறையலாம் என்பது உண்மையே; 41 வாரத்துக்குப் பின் கூடுதலாகக் கண்காணிப்பது அதனால்தான். ஆனால் பிறந்தவுடன் எடுத்த ஓர் எண், வலியின் கடைசி நிமிடங்களில் கருப்பை சுருங்கியபோது இரத்த ஓட்டம் எப்படித் தடைபட்டது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. அதிலிருந்து வாரக்கணக்கை மட்டும் பிரித்தெடுக்க இயலாது. மூச்சுத்திணறலா என்று தீர்மானிக்க மருத்துவர்கள் பார்ப்பது தமனி இரத்தத்தின் பி.எச். அளவையும் (அமிலத்தன்மையைக் காட்டுவது; எண் குறைந்தால் அமிலம் அதிகம்), காரக் குறைவையும்தான் (அமிலத்தைச் சமன்செய்யும் காரம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது; அறிக்கையில் base deficit). பி.எச். 7.0க்குக் கீழும் காரக் குறைவு 12க்கு மேலும் இருந்தால்தான் பெரிதும் கவலைப்படுவார்கள். உங்கள் அறிக்கையிலும் அவை அச்சாகியிருக்கும். மருத்துவரிடம் அவ்விரண்டையும் காட்டிக் கேளுங்கள்.