முதலமடை முதல் செங்கோட்டை வரை: நீள்கொம்பு வண்டு கேள்வி-பதில்

இடவப்பாதி மழை பிடித்ததும் தமிழக-கேரள எல்லையோர ஊர்களிலிருந்து நீள்கொம்பு வண்டுகளின் (மரம் துளைக்கும், பெரும்பாலும் உணர்கொம்பு நீண்ட வண்டுக் குடும்பம்) படங்கள் வரத் தொடங்கிவிடும். பத்தில் எட்டு, மேலிருந்து எடுத்த ஒரே ஒரு படம். எந்த மரம், எந்த ஊர், எத்தனை சென்டிமீட்டர் என்ற விவரம் எதுவும் இருக்காது. அதை வைத்து ஊகிக்கலாமே தவிர, பெயர் சொல்ல முடியாது. இந்த முறை வந்தவற்றில் விவரத்தோடு இருந்த கேள்விகளை எடுத்துக்கொண்டோம்.

முதலமடை: மாந்தோப்பு விளக்கில் பெரிய சாம்பல் வண்டு வந்து விழுகிறது. முதுகில் ஆரஞ்சுப் புள்ளிகள். அதே தோப்பில் இரண்டு மரங்களில் தூள் கொட்டுகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பெரும்பாலும் உண்டு. படத்தில் இருப்பது மாமரத் தண்டு துளைப்பான், பட்டோசெரா ரூஃபோமாகுலாட்டா. உறுதிப்படுத்த இந்த அடையாளங்களைப் பாருங்கள். முன்மார்பின் (தலையை அடுத்த பகுதி) மேல் பிறை வடிவில் இரண்டு ஆரஞ்சு அல்லது சிவப்புத் திட்டுகள் இருக்கும். அதன் இருபக்கமும் கூரிய முள் ஒன்று நீட்டியிருக்கும். முதுகை மூடும் கெட்டியான மேலிறகின் தோள்பகுதியில் மிளகு தூவியதுபோல் கறுப்புக் குருணைகள் இருக்கும். இரண்டு இறகும் முன்மார்பும் சந்திக்கும் இடத்தில் உள்ள சிறு தகடு வெள்ளையாக இருக்கும். கண்ணுக்குப் பின்னாலிருந்து வயிற்று நுனிவரை பக்கவாட்டில் வெள்ளைப் பட்டை ஓடும். உடல் ஏறத்தாழ 5 செ.மீ.

இதே பேரினத்தில் பட்டோசெரா ரூபஸ் என்று ஒன்று உண்டு. அதன் மேலிறகில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். ஆனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். உயிரோடு இருக்கும்போது சிவப்பாகத் தெரியும் புள்ளி, ஊசியில் குத்திக் காயவைத்தபின் வெளிறிப்போகும். பழைய மாதிரிகளைப் பார்த்து "இது வேறு இனம்" என்று ஏமாறுபவர்கள் அதிகம்.

இனி மரத்துக்கு வருவோம். தூள் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியம். பட்டையின் மேல் நூலாம்படையோடு ஒட்டிய தூள் நாடாபோல் ஓடினால் அது வண்டே இல்லை, பட்டை தின்னும் அந்துப்பூச்சியின் புழு. துளையிலிருந்து ஈரமான நார்த்தூள் கட்டிகட்டியாகத் தள்ளப்பட்டு, சாறும் வடிந்தால் தண்டு துளைப்பான். உள்ளே இருக்கும் புழு தந்த நிறம், கறுத்த தலை, கால் கிடையாது, விரல் பருமன்.

துளை வாயைச் சுரண்டிச் சுத்தம் செய்து, நுனியைக் கொக்கிபோல் வளைத்த சைக்கிள் ஸ்போக் கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி இழுங்கள். கம்பி நுனியில் பால்போன்ற ஈரம் ஒட்டினால் புழு சிக்கியது என்று அர்த்தம். எட்டவில்லை என்றால் பெட்ரோல் நனைத்த பஞ்சைத் திணித்துக் களிமண்ணால் வாயை இறுக அடையுங்கள். பக்கத்தில் பீடி, நெருப்பு கூடாது. பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். ஒரு புழுவுக்குப் பல துளைகள் இருக்கும். பழைய துளையை மட்டும் அடைத்துவிட்டு, "மருந்து வேலை செய்யவில்லை" என்கிறார்கள். தரையில் கொட்டிய தூளை ஒருமுறை கூட்டி அகற்றிவிட்டு, ஒரு வாரம் கழித்துப் புதுத் தூள் எங்கிருந்து விழுகிறது என்று பாருங்கள். அதுதான் இப்போது புழங்கும் துளை.

காயத்துக்குப் போர்டோ பசை: மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். பிளாஸ்டிக் வாளியில்தான் கலக்க வேண்டும், இரும்பு ஆகாது. அடிமரத்தின் உதிரும் பட்டையைச் சுரண்டி, தார் ஒரு பங்கு, மண்ணெண்ணெய் இரண்டு பங்கு கலந்து மூன்றடி உயரம் பூசலாம். வெட்டிய கிளைகளை வரப்பில் அடுக்கி வைக்காதீர்கள். வெட்டிய மரத்துக்குள்ளும் புழு வளர்ந்து வண்டாகிவிடும். அடுத்த மழைக்குள் பிளந்து எரித்துவிடுங்கள். தோப்பு ஓரத்தில் நலிந்த இலவமரம், அத்திமரம் இருந்தால் அவற்றையும் பாருங்கள். இந்த வண்டு அவற்றிலும் வளரும்.

பந்தலூர்: அரபிகா காபிச் செடியில் பிடித்த வண்டு இது. போரர் என்கிறார்கள். நீள்கொம்பு வண்டு என்றால் கொம்பு ஏன் குட்டையாக இருக்கிறது?

நல்ல கேள்வி. இது காபி வெள்ளைத் தண்டுத் துளைப்பான், சைலோட்ரெகஸ் குவாட்ரிபெஸ். உடல் 1 முதல் 2 செ.மீ.; கறுப்பு உடலில் வெள்ளை வரிகள், மேலிறகில் தலைகீழ் 'வி' போன்ற கோடு, உருண்டை முன்மார்பு, குளவி மாதிரித் துருதுரு நடை. உணர்கொம்பு பாதி உடலைக்கூடத் தாண்டாது. ஆனாலும் குடும்பம் அதேதான்.

குடும்பத்தைச் சொல்வது கண்ணும் பாதமும். பெரும்பாலானவற்றில் கண் அவரை விதைபோல் வளைந்து உணர்கொம்பின் அடியை அணைத்திருக்கும். பாதத்தில் நான்கு கணு இருப்பதுபோல் தெரியும். உண்மையில் ஐந்து, இரண்டாகப் பிளந்த மூன்றாம் கணுவுக்குள் நான்காவது ஒளிந்திருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் போதும். இலை தின்னும் வண்டுகளுக்கும் இதே பாதம்தான், ஆகவே கண்ணையும் சேர்த்தே பாருங்கள்.

மாமரத்தில் தூள் காட்டிக்கொடுக்கும், காபியில் கொடுக்காது. இந்தப் புழு தான் கழித்த தூளைச் சுரங்கத்திலேயே இறுக அடைத்துக்கொண்டு முன்னே போகும். மருந்து உள்ளே இறங்காததற்கும் அதுவே காரணம். அடையாளம், தண்டைச் சுற்றிப் புடைத்த வரம்புகளும் மஞ்சளிக்கும் இலையும். வண்டு பறக்கும் காலம் ஏப்ரல்-மே, பிறகு அக்டோபர்-டிசம்பர். மார்ச்சிலும் செப்டம்பரிலும் செடி செடியாகப் பார்த்து, புடைத்தவற்றை வேரோடு பிடுங்கி எரியுங்கள். விறகுக்கு வேண்டும் என்றால் ஒரு வாரம் பத்து நாள் தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி வைத்துவிட்டுப் பிறகு காயப்போடுங்கள்.

முட்டை வைப்பது உதிரும் பட்டையின் இடுக்கில். பறக்கும் காலத்துக்கு முன்பே தண்டையும் தடித்த கிளைகளையும் தேங்காய் நார்க் கையுறையாலோ சாக்காலோ தேய்த்து வழுவழுப்பாக்குங்கள். கத்தி வேண்டாம், பச்சைப் பட்டை கிழியும். தேய்த்த தண்டில் 10 சதச் சுண்ணாம்புக் கரைசல் (200 லிட்டருக்கு 20 கிலோ) தெளிக்கலாம். இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 10. இந்த இனத்தில் மணம் விடுவது ஆண். பொறிக்கு வருவது பெண். எனவே பொறியில் விழும் ஒவ்வொன்றும் முட்டைக் கணக்கில் லாபம். நிழல் மரத்தை ஒரேயடியாகக் கவாத்து செய்யாதீர்கள். வெயில் படும் தண்டைத்தான் அது தேடி வரும். ரொபஸ்டா காபி மட்டும் வைத்திருப்பவர்கள் இவ்வளவு கவலைப்பட வேண்டாம்.

கம்பம்: பன்னீர் திராட்சைக் கொடியிலும் வாசல் ரோஜாவிலும் கிளையைச் சுற்றி மோதிரம்போல் அறுத்துவிட்டிருக்கிறது. அணிலா?

அணில் அவ்வளவு ஒழுங்காக அறுக்காது. இது ஸ்தெனியஸ் கிரிசேட்டர் என்ற வளையமிடும் வண்டு, 2 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல், பட்டை நிறம். இரவில் வேலை. வளையத்துக்கு மேலுள்ள கிளை காய்ந்தால்தான் அதன் குஞ்சுக்குச் சாப்பாடு. முட்டையும் அந்தப் பகுதியில்தான். வளையத்துக்குக் கீழே வெட்டி அன்றே எரியுங்கள். மருந்து தேவையில்லை. வெட்டியதைப் பந்தலடியில் போட்டுவைத்தால் வெட்டியே பயனில்லை.

கொல்லங்கோடு: வண்டைக் கையில் எடுத்தால் கீச்சென்று கத்துகிறது. விஷமா?

இல்லை. முன்மார்பைப் பின்பகுதியின் வரிகள்மீது உரசி எழுப்பும் ஒலி அது. விஷம் கிடையாது, ஆனால் பெரியவற்றின் தாடை விரல் தோலைக் கிழிக்கும். முன்மார்பின் இருபக்கமும் பிடியுங்கள், முள்ளைப் பார்த்து.

செங்கோட்டை: ரப்பர் மரக் கட்டில் ஒன்று, பழைய பலகைக் கட்டில் ஒன்று. இரண்டிலும் துளை. பழையதில் இரவில் கறக் கறக் என்று சத்தம். ஒரே பூச்சியா?

துளையை அளந்தால் தெரிந்துவிடும். 1-2 மி.மீ. வட்டத் துளையும் மாவுபோன்ற தூளும் என்றால் மாவுத்தூள் வண்டு. பதப்படுத்தாத ரப்பர் மரத்துக்கு இதுதான் தலைவலி. நீள்வட்டத் துளை, 6 மி.மீ.க்கு மேல் என்றால் காய்ந்த மரத்து நீள்கொம்பு வண்டு. ஸ்ட்ரோமேஷியம் பார்பேட்டம் நம் பக்கத்தில் அடிக்கடி காண்பது. சத்தம் போடுவது அதன் புழு. காய்ந்த மரத்தில் சத்து குறைவு என்பதால் வளரப் பல ஆண்டுகள் பிடிக்கும். துளை என்பது அது வெளியேறிய வாசல். உள்ளே புகுந்த வாசல் அல்ல.

ஆகவே துளை இருந்து சத்தமோ புதுத் தூளோ இல்லை என்றால் மெழுகால் அடைத்துவிடுங்கள், போதும். சத்தம் இருந்தால் அந்தச் சட்டத்தை மட்டும் கழற்றி, சூளை வைத்திருக்கும் மரக்கடையில் கொடுங்கள். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்க வேண்டும். மொட்டை மாடி வெயில் கனத்த சட்டத்தின் நடுவுக்கு எட்டாது. புதுச் சாமானின் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் அடியுங்கள். முட்டை வைக்க இடுக்கு கிடைக்காது.

மறையூர்: நான் பிடித்த வண்டை இணையப் படங்களோடு ஒப்பிட்டேன், எதிலும் பொருந்தவில்லை. புது இனமாக இருக்குமா? எப்படி அறிவிப்பது?

இணையப் படத்தோடு பொருந்தாததற்கும் புது இனத்துக்கும் வெகு தூரம். இந்தக் குடும்பத்தில் உலகம் முழுவதும் 35,000 இனங்களுக்கு மேல். பலவற்றுக்குப் படமே இல்லை.

முதலில் துணைக்குடும்பம். முகம் செங்குத்தாகக் கீழ்நோக்கி இருந்து, வாயோர உணரியின் கடைசிக் கணு கூர்மையாக இருந்தால் லாமீனே. முகம் முன்னோக்கிச் சாய்ந்து, அந்தக் கணு வெட்டியதுபோல் மொட்டையாக இருந்தால் செராம்பிசீனே. முன்மார்பின் ஓரம் தகடுபோல் விரிந்து பல்பல்லாக இருந்தால் பிரையோனீனே. அதனால்தான் முகம், பக்கவாடு, அடிப்பக்கம், பாதம் என்று தனித்தனிப் படம், பக்கத்தில் அளவுகோலோடு கேட்கிறோம்.

பின்னிரண்டு துணைக்குடும்பங்களுக்கும் பூச்சியியலாளர் கஹன் 1906-இல் எழுதிய பிரிட்டிஷ் இந்திய விலங்கினத் தொகுதி இன்றும் முதல் படி; லாமீனே அதில் இல்லை என்பதால் அங்கே வேலை இரட்டிப்பு. அதன்பின் மூல மாதிரியோடு (ஓர் இனத்துக்குப் பெயர் வைத்தபோது ஆதாரமாகக் காட்டிய வண்டு) ஒப்பிட வேண்டும். தென்னிந்திய வண்டுகளின் பழைய மூல மாதிரிகள் பல லண்டன், பாரிஸ் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆணும் பெண்ணும் கொம்பு நீளத்தில் வேறுபடும். ஒரே ஒரு வண்டை வைத்து எழுதினால், ஏற்கெனவே பெயருள்ள இனத்தின் மற்றப் பாலுக்குப் புதுப் பெயர் வைத்ததாக முடியலாம்.

புது இனம் என்று அறிவித்து எழுதும்போது கட்டாயமானவை: ஒரு மூல மாதிரியைக் குறிப்பிட்டு, அது வைக்கப்படும் நிறுவனத்தைச் சொல்ல வேண்டும். நெருங்கிய இனங்களிலிருந்து எது வேறுபடுத்துகிறது என்று தெளிவாக எழுத வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியானால் ஜூபேங்க் (விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடு) பதிவும் வேண்டும். இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர் பெருக்கச் சட்டப்படி, புது இனத்தின் மாதிரியை அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வகம் அப்படி ஒன்று. அதற்குக் கோழிக்கோட்டிலும் சென்னையிலும் மையங்கள் உண்டு. சின்னார் சரணாலயத்துக்குள் பிடித்ததென்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு வண்டைக்கூட எடுக்கக் கூடாது. உங்கள் பெயரையே இனத்துக்கு வைத்துக்கொள்ள விலங்குப் பெயரிடும் விதியில் தடையில்லை. ஆனால் யாரும் செய்வதில்லை, சிரிப்பார்கள்.

கூடலூர்: மாணவர்கள் சேகரித்த வண்டுகளுக்குச் சீட்டு எழுத வேண்டும். 'கூடலூர்' என்று போட்டால் போதாதா?

போதாது. நீங்களே எந்தக் கூடலூர் என்று எழுதவில்லை. நீலகிரியில் ஒன்று, கம்பத்துக்குப் பக்கத்தில் ஒன்று. இரண்டும் கேரள எல்லை. மாவட்டம், கடல்மட்டத்திலிருந்து உயரம், ஜி.பி.எஸ். எண் மூன்றும் வேண்டும். எல்லை நகரும், வண்டு நகராது: 1956 நவம்பர் 1-க்கு முந்திய செங்கோட்டைச் சீட்டில் திருவிதாங்கூர் என்றிருந்தால் அது பிழையல்ல.

சீட்டு ஒன்றரை செ.மீ. அகலத்துக்குள் இருக்கட்டும், தண்ணீரில் கரையாத மையில் எழுதுங்கள். மாதத்தை ரோமன் எண்ணில் போட்டால் 5-6 என்பது ஜூனா மேயா என்ற குழப்பம் வராது. பிடித்தவர் பெயர், பிடித்த முறை. முக்கியமாக, எந்த மரத்தில் என்பது. 'பூவில் உட்கார்ந்திருந்தது' வேறு, 'மரத்துக்குள்ளிருந்து வெளிவந்தது' வேறு, பிரித்து எழுதுங்கள். ஊசி வலது மேலிறகின் முன்பகுதியில் இறங்க வேண்டும், நடுவில் அல்ல. மரபணுச் சோதனை பிறகு தேவைப்படலாம் என்றால் ஒரு காலை மட்டும் 95 சத ஆல்கஹாலில் தனியே போட்டு, இரண்டிலும் ஒரே எண்ணை எழுதுங்கள்.

புழு மட்டும் கிடைத்தால் மரத்துண்டோடு மூடிய டிரம்மில் வளர்க்கலாம். வாரம் ஒருமுறை லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். மூடிக்குக் கொசுவலை கட்டாதீர்கள், கம்பிவலைதான் வேண்டும். வெளிவரும் வண்டு நைலானை ஒரே இரவில் கடித்துவிட்டுப் போய்விடும்.