தவணை குறைகிறது, மொத்தக் கடன் ஏன் கூடுகிறது?

வங்கி உங்கள் கடனை 5 வருடத்துக்கு நீட்டி மாதத் தவணையைக் குறைக்கிறது என்கிறீர்கள். அதனால் மொத்த வட்டி குறையாது அண்ணே, கூடும். 8 சதவீதத்தில் 12,000 வெள்ளி (ரிங்கிட்) பாக்கி என்றீர்கள். 3 வருடத்தில் கட்டினால் மாதம் 376, வட்டி சுமார் 1,540. வங்கி சொல்லும் 5 வருடத்துக்கு மாதம் 243, வட்டி சுமார் 2,600.

வங்கியின் கடிதம் இதற்கும் மேல் காட்டுகிறதா? விட்டுப்போன தவணைகளின் வட்டியை அசலில் சேர்த்திருக்கலாம். கையெழுத்துக்கு முன் புதுக் கடிதத்தின் அசலைப் பழைய ஸ்டேட்மெண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மழைக்காலத்தில் செம்பனைக் குலை வெட்டு குறைந்து சம்பளம் இறங்கும் தோட்டத்து வீட்டுக்கு 243 பெரிய ஆறுதல்தான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நல்ல மாதத்தில் கூடுதலாகக் கட்டினால் அசலில் கழியுமா என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

குறைந்துவரும் பாக்கிக்கு அல்லாமல் ஆரம்பத் தொகைக்கே கடைசிவரை வட்டி போடும் கடனுக்கு என் கணக்கு பொருந்தாது. அப்படியென்றால் சுங்கை சிப்புட்டிலிருந்து கடன் ஆலோசனை தரும் ஈப்போ ஏ.கே.பி.கே. அலுவலகம் பக்கம்தான், ஆலோசனை இலவசம்.